மருந்து தடவும் தலைக்கு எண்ணெய் வைப்பது எப்படி?

முடி உதிர்வுக்கு மினாக்சிடில் எழுதிக் கொடுத்த சீட்டோடு வீட்டுக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, "இனி எண்ணெய் வைக்கலாமா, கூடாதா?" என்பதுதான். சிலர் அன்றோடு எண்ணெயை நிறுத்திவிடுகிறார்கள். தலை வறண்டு அரிக்கிறது, இரண்டு மாதத்தில் மருந்தின் மேலேயே வெறுப்பு வந்து அதையும் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் மருந்து தடவிய கையோடு எண்ணெயையும் தேய்த்து, ஆறு மாதம் கழித்து "அந்த மருந்து எனக்குக் கேட்கவில்லை" என்கிறார்கள். எண்ணெயையும் மருந்தையும் ஒரே தலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக்கூடாது, அவ்வளவுதான். எந்த நேரத்தில் எது, எவ்வளவு, எந்த இடத்தில் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும்.

எண்ணெய்க்கு என்ன வேலை, மருந்துக்கு என்ன வேலை

நாம் சீவுகிற முடியிழை உயிரற்றது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், மயிர்க்காலில் இருக்கிறது. எண்ணெயின் வேலை பெரும்பாலும் இழையோடு முடிந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது; அதனால் இழைக்குள்ளேயே புகுந்துகொள்ளும். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான மும்பை ஆய்வு ஒன்றில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. அதைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஆனாலும் எண்ணெய் வைத்த முடி குறைவாக முறிகிறது என்பது சீப்பு பிடிக்கும் எவருக்கும் தெரிந்ததுதான்.

வழுக்கையில் நடப்பது வேறு. டிஎச்டி என்ற ஹார்மோனுக்கு எளிதில் ஆட்படும் மயிர்க்கால்கள் வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகின்றன. அதில் முளைக்கும் முடியும் ஒவ்வொரு சுற்றிலும் மெலிகிறது. ஃபினாஸ்டரைடு அந்த ஹார்மோனைக் குறைக்கிறது. மினாக்சிடில் மயிர்க்காலின் வளர்ச்சிப் பருவத்தை நீட்டிக்கிறது. இந்த இரண்டு வேலையையும் செய்வதாக உறுதியாக நிரூபிக்கப்பட்ட சமையலறை எண்ணெய் கிடையாது.

உங்களுக்கு விழுவது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, சீப்பில் வந்த பத்து இருபது முடியை ஒரு கருப்புத் துணியில் பரப்பிப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. குமிழ் இல்லாமல், நீளம் குறைவாக, முனை பிசிறாக இருந்தால் நடுவில் முறிந்தது. முறிந்தவை அதிகம் என்றால் எண்ணெய் நிஜமாகவே உதவும். குமிழோடு வந்தவை அதிகம் என்றால் எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

மினாக்சிடிலும் எண்ணெயும் ஏன் மோதுகின்றன

பாட்டிலில் வரும் மினாக்சிடில் கரைசலில் ஆல்கஹால், தண்ணீர், புரோப்பிலீன் கிளைகால் இருக்கின்றன. ஆல்கஹால் ஆவியாகிவிட, மருந்து தோலில் படிந்து மெல்ல உள்ளே இறங்குகிறது. மண்டையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் கரைசல் பரவாமல் முத்து முத்தாக நின்று, வகிடு வழியாக நெற்றிக்கு வழியும். அதாவது தலைக்குப் போகவேண்டியது புருவத்துக்குப் போகிறது.

மருந்து முதலில், எண்ணெய் உடனே பின்னால் என்றாலும் சிக்கல்தான். எண்ணெயைத் தேய்க்கும் விரலே மருந்தை வழித்து எடுத்துப் பக்கத்தில் பரப்புகிறது. காதோரம், நெற்றி, கன்னம் என்று பூனைமுடி வருவதாகப் பெண்கள் சொல்லும்போது காரணம் பெரும்பாலும் இப்படிக் கசிந்த மருந்துதான், அல்லது தலையணையில் ஒட்டி முகத்துக்கு வந்த மருந்து. அதற்கு மேலும் எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் உறையோ வெந்நீர்த் துண்டோ கட்டினால் தோல் வழியாக உடலுக்குள் போகும் அளவு கூடும். மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைக் கண்ட பிறகுதான் தலையில் தடவும் மருந்தானது. எனவே மருந்து போட்ட பின் படபடப்பு, தலைசுற்றல், கணுக்கால் வீக்கம் வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தோல் எடுத்துக்கொள்வதில் பெரும்பகுதி முதல் 4 மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. அதனால் மருந்து போட்டு 4 மணி நேரம் ஆகும்வரை தண்ணீரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் வைத்துவிட்டால் அது முழுதாகக் கழுவப்பட்டு, தலை காய்ந்த பிறகே மருந்து. வரிசை எப்போதும் இதுதான்: எண்ணெய், கழுவல், காய்தல், மருந்து.

அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. கரைசலில் வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1 மி.லி. தினம் இரண்டு வேளை போடுபவருக்கு 60 மி.லி. பாட்டில் சரியாக 30 நாள் வரும். 50 நாள் வருகிறது என்றால் போடவேண்டியதில் 60 சதவீதம்தான் போடுகிறீர்கள். எண்ணெய் நாட்களில் விடுபட்ட வேளைகளின் கணக்கு இங்கேதான் வெளியே வரும்.

எண்ணெய் நாள்

வாரம் இரண்டு நாள் போதும். புதன், சனி என்று ஏற்கெனவே தலைக்குக் குளிக்கும் வீடுகளில் அதையே வைத்துக்கொள்ளலாம். பெண்கள் செவ்வாய், வெள்ளி. முந்தைய இரவு 9 மணிக்கு மருந்து போட்டிருந்தால் காலை 6 மணிக்குள் 9 மணி நேரம் ஆகிவிட்டிருக்கும், எண்ணெய்க்குத் தடையில்லை.

முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கு எடுங்கள். எண்ணெயை நேராக அடுப்பில் வைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீரில் நிறுத்துங்கள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கும்போதும் இதுவே வழி. 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்பு, கலப்படத்துக்கு அடையாளம் அல்ல. விரலில் தொட்டால் இதமாக இருக்கும் சூடு போதும்.

குட்டை முடிக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி.; தோள்வரை என்றால் 10; இடுப்புவரை என்றால் 15 முதல் 20 மி.லி. வழிய வழிய வைப்பதால் கூடுதல் நன்மை இல்லை, கழுவும் வேலைதான் கூடும். அந்த அளவில் முக்கால் பங்கு இழைகளுக்கு, முக்கியமாக நுனிக்கு. கால் பங்கு மட்டும் மண்டைத் தோலுக்கு. நம் பழக்கம் இதற்கு நேர் எதிர்: உச்சியில் குளம் கட்டிவிட்டு நுனியைக் கண்டுகொள்வதே இல்லை.

மசாஜ் 4, 5 நிமிடம். நகத்தை ஒதுக்கி, விரல் நுனியின் சதைப்பகுதியால் தோலைப் பிடித்து எலும்பின்மேல் நகர்த்துங்கள். விரல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், தோல்தான் அசைய வேண்டும். உள்ளங்கையால் பரபரவென்று தேய்த்தால் மெலிந்த முடிகள் ஒன்றோடொன்று உரசி அறுந்துபோகும்.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். இரவு முழுக்க ஊறவைப்பது இழைக்கு நல்லதுதான், ஆனால் அன்றைய இரவு மருந்து போய்விடும். மாதத்தில் ஒன்றிரண்டு முறை என்றால் பரவாயில்லை. விட்டுப்போன வேளைக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. வாரம் மூன்று இரவு எண்ணெய் என்றால், இரவில் மட்டும் மருந்து போடுபவருக்கு அது மருந்தைக் கிட்டத்தட்டப் பாதி நிறுத்தியதற்குச் சமம்.

கழுவுவதில்தான் எல்லாமே இருக்கிறது

எண்ணெய் வைத்த தலையில் நேராகத் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு முன் 10 மி.லி. ஷாம்பூவை உள்ளங்கையில் எடுத்து, காய்ந்த எண்ணெய்த் தலையில் வகிடு வகிடாகப் பூசி ஒரு நிமிடம் பிசையுங்கள். எண்ணெயும் ஷாம்பூவும் வெண்மையாகக் கலந்து வரும். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரால் அலசி, இன்னொரு முறை 5 மி.லி. ஷாம்பூ மண்டைக்கு மட்டும். நீள முடியை உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோல் கசக்க வேண்டாம்; தொங்கவிட்டபடியே கழுவுங்கள். காரணம் விளக்கெண்ணெய் பற்றிச் சொல்லும்போது வரும்.

எண்ணெய் போய்விட்டதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஈரம் வற்றியதும் ஒரு டிஷ்யூ தாளை வகிட்டில் 5 விநாடி அழுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஈரக் கறை சில நிமிடத்தில் காய்ந்து மறையும். எண்ணெய்க் கறை கண்ணாடிபோல் அப்படியே நிற்கும். நின்றால் அடுத்த முறை எண்ணெயைக் குறையுங்கள். ஷாம்பூவை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போவது மண்டையை வறட்டும்.

சீயக்காய், அரப்பு விஷயத்தில் பலருக்குப் பிடிவாதம் உண்டு. நுரைக்கும் சபோனின் அவற்றில் இருக்கிறது, எண்ணெயையும் ஓரளவு எடுக்கும். சிக்கல் தூளில்தான். மண்டையில் தங்கும் தூளும், மினாக்சிடில் காய்ந்து விடும் வெண்பொடியும் சேர்ந்து அரிக்கும்; பார்க்கிறவர் பொடுகு என்பார். சீயக்காய்தான் வேண்டும் என்றால் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். நல்லெண்ணெய் தேய்த்த நாளில் அதுவும் போதாது. மண்டைக்கு ஒரு முறை ஷாம்பூ வேண்டியிருக்கும்.

தலை முழுதாகக் காயட்டும். ஈரத் தலையில் போட்ட மருந்து நீர்த்துப்போகும், எரிச்சலும் தரும். காய்ந்தபின் வகிடெடுத்து, தோலில் படும்படி 1 மி.லி. போட்டு, விரலால் மெல்லப் பரப்பி, கையைச் சோப்பால் கழுவுங்கள்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. தலைக்குக் குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டும் பழக்கம் இருந்தால், அதை மருந்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கரைசலில் இருப்பது தீப்பிடிக்கும் ஆல்கஹால். ஈரமாக இருக்கும்போது கனல் தட்டின் மேல் கூந்தலை விரிப்பதோ, விளக்கேற்றக் குனிவதோ, அடுப்படியில் நிற்பதோ கூடாது. நுரையாக வரும் ஃபோம் வகைக்கும் இதே விதிதான்.

தினமும் எண்ணெய் வைத்துப் பின்னுபவர்கள்

உண்மையான இடைஞ்சல் இவர்களுக்குத்தான், ஏனென்றால் எண்ணெய் இல்லாத நாளே இல்லை. முதல் வழி, தினசரி எண்ணெயைக் காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும் வைப்பது. உள்ளங்கையில் 4, 5 சொட்டு தேய்த்து நுனியில் தடவினால் பின்னல் படிந்து நிற்கும், மருந்துக்கும் தொந்தரவில்லை. இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் போடும் வகையை மருத்துவரிடம் கேட்பது. பெண்களுக்கான 5% ஃபோம் அப்படிப்பட்டது. மூன்றாவது, தடவுவதே ஒத்துவராதவர்களுக்குச் சில தோல் மருத்துவர்கள் குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் எண்ணெய்க்கும் மருந்துக்கும் மோதலே இல்லை, ஆனால் இதயம், இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து மருத்துவர் எடுக்கவேண்டிய முடிவு அது. கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல.

ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடும் ஆண்கள் எந்த எண்ணெயும் வைக்கலாம். தலையில் தடவும் ஃபினாஸ்டரைடு என்றால் மட்டும் ஒரு கவனம்: கணவருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் மனைவி கருவுற்றிருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். அந்த மருந்து ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. உடைந்த மாத்திரையையும் கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது என்பது இதே காரணத்தால்தான்.

எந்த எண்ணெய்

கழுவுவதற்கு முன் வைக்கத் தேங்காய் எண்ணெயே முதல் தேர்வு. விலை, கிடைக்கும் வசதி, இழைக்குள் புகும் தன்மை மூன்றிலும் அதற்குப் போட்டியில்லை. நல்லெண்ணெய் கொஞ்சம் கனம், வாரக் குளியலுக்கு ஏற்றது, கழுவக் கூடுதல் பொறுமை வேண்டும். பாதாம், ஜோஜோபா, ஆர்கன் எல்லாம் நுனிக்குப் பளபளப்புத் தரும், வேறு மாயம் எதுவும் இல்லை. கடுகெண்ணெய், கற்பூரமோ மென்தாலோ சேர்த்த 'கூலிங்' எண்ணெய்கள் இரண்டையும் மினாக்சிடில் போடும் காலத்தில் தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே ஆல்கஹாலால் எரியும் தோலுக்கு அது இன்னொரு எரிச்சல்.

விளக்கெண்ணெய்க்கு இணையத்தில் இருக்கும் புகழுக்கு ஈடாக ஆதாரம் இல்லை. அது தேன்போல் கெட்டியானது. நீள முடியில் தனியாக வைத்து, உச்சியில் குவித்துத் தேய்த்துக் கழுவினால், முடி முழுவதும் ஒரே உருண்டையாகச் சடைபிடித்துக் கல்போல் ஆகிவிடுவதுண்டு. மருத்துவ இதழ்களில் பதிவான நிகழ்வு இது. சிக்கு எடுக்கவே முடியாமல் வெட்டுவதுதான் பெரும்பாலும் முடிவு. வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு நான்கு பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து, தோளுக்குக் கீழ் நீளம் உள்ளவர்கள் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து வையுங்கள்.

வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு: 500 மி.லி. தேங்காய் எண்ணெய்க்குக் கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கரிசலாங்கண்ணி இரண்டு கைப்பிடி, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இலைகளைக் கழுவி, ஒரு நாள் நிழலில் துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். சிறு தீயில் வைத்து, சடசடப்பு முழுதாக அடங்கி, இலையை எடுத்து நசுக்கினால் நொறுங்கும் பதம் வரும்வரை காய்ச்சுங்கள். அரை மணி நேரம் ஆகலாம். புகை வந்தால் தீ அதிகம். சடசடப்பு அடங்குமுன் இறக்கினால் உள்ளே தண்ணீர் தங்கி, சில வாரத்தில் சிக்கு வாடை வரும், பூஞ்சையும் பிடிக்கும். ஆறிய பின் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வைத்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மணமும் நிறமும் அருமையாக இருக்கும், இழைக்கும் நல்லது. மினாக்சிடிலுக்கு மாற்றாக மட்டும் இதை நினைக்க வேண்டாம். சித்த, ஆயுர்வேதத் தைலங்களுக்கும் இதே நேர விதி பொருந்தும்: கழுவுவதற்கு முன், மருந்துக்கு 4 மணி நேரம் தள்ளி.

ரோஸ்மேரி

இப்போது எல்லோரும் கேட்கும் எண்ணெய் இதுதான், ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஈரானில் 100 ஆண்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட சோதனையில், பாதிப் பேர் ரோஸ்மேரியையும் பாதிப் பேர் 2% மினாக்சிடிலையும் ஆறு மாதம் தடவினார்கள். மூன்றாம் மாதம் இரண்டு பக்கமும் சொல்லும்படி மாற்றமில்லை. ஆறாம் மாதம் இரண்டு பக்கமும் முடி எண்ணிக்கை ஒரே மாதிரிக் கொஞ்சம் கூடியது. ஒன்றுமே போடாத மூன்றாவது குழு அதில் இல்லை. ஆண்கள் இப்போது பரவலாகப் போடும் 5% மருந்தோடு ஒப்பிடவும் இல்லை. ஆகவே "மினாக்சிடிலுக்குச் சமம்" என்ற விளம்பர வரி அந்த ஆய்வைவிட நீளமாகப் பேசுகிறது. மருந்தோடு துணையாக வைக்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு வேறு பொருள்கள் ஒரே பெயரில் விற்கின்றன. ஒன்று ஆவியில் வடித்த செறிந்த நறுமண எண்ணெய், சின்ன பாட்டிலில் சொட்டு சொட்டாக வரும். மற்றது ரோஸ்மேரி ஊறிய சாதாரண எண்ணெய். வித்தியாசம் தெரியாவிட்டால் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு ஒரு நாள் வையுங்கள். வடித்த எண்ணெய் கிட்டத்தட்டக் கறையே இல்லாமல் ஆவியாகிவிடும், மற்றது எண்ணெய்க் கறையாக நிற்கும்.

வடித்த எண்ணெயை அப்படியே மண்டையில் விடக் கூடாது, தோல் வெந்துபோகும். 30 மி.லி. தேங்காய் அல்லது ஜோஜோபா எண்ணெயில் 6 சொட்டு கலந்தால் ஏறக்குறைய 1%. அதில் தொடங்கி, ஒரு மாதம் தொந்தரவில்லை என்றால் 12 சொட்டு, அதாவது 2% வரை போகலாம். காய்ச்சிய சூட்டில் கலந்தால் மணமும் சத்தும் பறந்துவிடும். ஆறிய எண்ணெயில் கலக்குங்கள். முதல்முறைக்கு முன் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். மினாக்சிடில் பாட்டிலுக்குள்ளேயே சில சொட்டு விட்டுக் குலுக்கும் குறுக்குவழியும் வேண்டாம். மருந்தின் கரைசல் எந்த அளவுக்கு என்று கணக்கிட்டுத் தயாரித்தது, அதில் எண்ணெய் சேர்ந்தால் ஒவ்வொரு வேளையும் எவ்வளவு மருந்து வருகிறது என்பதே தெரியாது.

புழுவெட்டுக்கு நறுமண எண்ணெய் உதவியதாக ஸ்காட்லாந்தின் அபர்தீனில் நடந்த, 1998-இல் வெளியான சோதனை ஒன்று உண்டு. தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், செடார் எண்ணெய்களை ஜோஜோபா, திராட்சை விதை எண்ணெயில் கலந்து ஏழு மாதம் தினமும் தேய்த்தவர்களில் 44 சதவீதம் பேருக்குப் பலன். வெறும் எண்ணெய் தேய்த்தவர்களில் 15 சதவீதம். புழுவெட்டு தானாகவே ஆறுவதும் உண்டு என்பதை அந்த 15 சதவீதமே காட்டுகிறது. அந்த முடிவை ஆண்வழுக்கைக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இரண்டும் வெவ்வேறு நோய்.

பொடுகு இருக்கும்போது

பொடுகுக்கு எண்ணெய் வைப்பது நம் ஊரின் மிகப் பரவலான தவறு. மலசீசியா என்ற ஈஸ்ட் மண்டையின் கொழுப்பைத் தின்று வாழ்கிறது. ஆய்வகத்தில் அதை வளர்க்க வேண்டும் என்றால் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். நாம் அதையே தலையில் செய்கிறோம்.

செதில் எண்ணெய்ப்பசையோடு மஞ்சளாக, கீழே தோல் சிவந்து இருந்தால் பொடுகு. வெள்ளையாக, பொடிப்பொடியாக, குளிர்காலத்தில் மட்டும் வந்தால் வறட்சி. மருந்து போட்ட இடத்தில் மட்டும் உப்புப் பூத்ததுபோல் இருந்து, ஈரத்துணியில் துடைத்தால் போய்விட்டால் அது மினாக்சிடிலின் மிச்சம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பொடுகு என்றால் மண்டைக்கு எண்ணெயை நிறுத்தி, 2% கீட்டோகொனசோல் ஷாம்பூ வாரம் இருமுறை, நுரையோடு 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். அந்த நாளில் இழைக்கு எண்ணெய் வைத்திருந்தால் முதலில் சாதாரண ஷாம்பூவால் எண்ணெயை எடுத்துவிட்டு, இரண்டாவதாக இதைப் போடுங்கள். மாற்றிப் போட்டால் மருந்து எண்ணெயைக் கழுவுவதிலேயே செலவாகிவிடும்.

மினாக்சிடில் கரைசல் போட்ட இடம் முழுக்க அரிப்பும் சிவப்பும் என்றால் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைகால் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் பூசி அதை அடக்கப் பார்க்காமல், அந்தச் சேர்மானம் இல்லாத ஃபோமுக்கு மாறலாமா என்று கேளுங்கள்.

ஊசி, உருளை, முடி நடுதல்

நுண்ணூசிகள் பதித்த உருளையை (டெர்மாரோலர்) மண்டையில் உருட்டுபவர்களுக்கு விதி கடுமையானது. 2013-இல் வெளியான மும்பை ஆய்வு, வாரம் ஒருமுறை 1.5 மி.மீ. உருளையோடு மினாக்சிடில் சேர்த்தபோது மினாக்சிடில் மட்டும் போட்டதைவிட நல்ல பலன் கண்டது. அதில்கூட உருளை போட்டு 24 மணி நேரம் மினாக்சிடிலையே தொடவிடவில்லை. எண்ணெய்க்கு 48 மணி நேரம் காத்திருங்கள். நறுமண எண்ணெய் கலந்தது என்றால் சிவப்பு முழுதாக மறையும்வரை. தோலில் ஆயிரக்கணக்கான துளைகள் திறந்திருக்கும்போது ரோஸ்மேரி சொட்டு நேராக உள்ளே போவது ஒவ்வாமைக்கு அழைப்பு.

பிஆர்பி ஊசிக்கு (சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை மண்டையில் செலுத்துவது) முந்தைய இரவே எண்ணெய் இல்லாமல் தலையைக் கழுவிவிடுங்கள். ஊசி போட்டபின் இரண்டு மூன்று நாள் எண்ணெய் வேண்டாம். முடி நடுபவர்கள் பொருக்கு உதிர்ந்து, அறுவை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை எந்த எண்ணெயும் தொடக் கூடாது. பெரும்பாலும் மூன்று நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மட்டும் கதை திரும்புகிறது: சாலிசிலிக் அமிலம் கலந்த தேங்காய் எண்ணெயை மருத்துவரே எழுதிக் கொடுப்பதுண்டு, அங்கே எண்ணெய்தான் மருந்தைச் சுமக்கும் வண்டி.

பலன் தெரியாமல் குழம்பாமலிருக்க

மினாக்சிடில் தொடங்கிய 2 முதல் 8 வாரத்துக்குள் முடி கூடுதலாகக் கொட்டலாம். பழைய முடி இடம் விட்டு, புதிய சுற்று தொடங்குகிறது. அதே வாரத்தில் எண்ணெயையும் மாற்றியிருந்தால் பழி எண்ணெய்மேல் விழும், அல்லது பயந்துபோய் மருந்தை நிறுத்துவீர்கள். ஒரே மாதத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்காதீர்கள். மருந்தை முதலில் தொடங்கி, மூன்று மாதம் கழித்து ரோஸ்மேரியைச் சேருங்கள். மாதம் ஒரு படம், அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே வகிட்டில், எண்ணெய் இல்லாத காய்ந்த தலையில் எடுங்கள். எண்ணெய் வைத்த தலையில் முடி ஒட்டிக்கொண்டு மண்டை கூடுதலாகத் தெரியும், படம் பொய் சொல்லும். நான்கு மாதத்துக்கு முன் எதையும் முடிவு செய்ய வேண்டாம். முழுக் கணக்கு 12 மாதத்தில்.

எண்ணெய் நாளில் கொத்தாக முடி வருவதைக் கண்டு பதறுபவர்களுக்கும் ஒரு கணக்கு. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. மூன்று நாள் கழுவாத தலையில் ஏற்கெனவே கழன்ற முடிகள் மற்ற முடிகளுக்குள் சிக்கியே இருக்கும். மசாஜும் அலசலும் அவற்றை ஒரே நாளில் வெளியே கொண்டுவருகின்றன.

நெற்றியோரம் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பரு வந்தால், எண்ணெய் வழிந்து துவாரம் அடைத்திருக்கிறது. மயிரோரத்துக்கு ஒரு அங்குலம் தள்ளியே எண்ணெயை நிறுத்துங்கள், தலையணை உறையை வாரம் இருமுறை மாற்றுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் மருந்து போட்ட தலையை அது நக்கவோ அந்தத் தலையணையில் படுக்கவோ விடாதீர்கள். மினாக்சிடில் பூனைக்கு நஞ்சு, மிகச் சிறிய அளவே உயிரை எடுக்கும். கைக்குழந்தையைத் தோளில் சாய்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். பெற்றோரின் தலையிலிருந்து மருந்து பட்டுக் குழந்தையின் உடலில் முடி வளர்ந்த நிகழ்வுகள் ஸ்பெயினில் பதிவாகியிருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த மருந்து இன்னும் எளிதாக ஒட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மினாக்சிடிலையே போடக் கூடாது. அந்த மாதங்களில் தேங்காய் எண்ணெயும் அகலப் பல் சீப்பும் போதும்.

காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக் குறைவு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் எண்ணெயோ மினாக்சிடிலோ தேடுமுன் இரத்தசோகை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து சேமிப்பு), தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். வட்ட வட்டமாகச் சொட்டை, சீழ், மயிர்த்துவாரமே தெரியாத வழவழப்பான தோல் என்று எதைப் பார்த்தாலும் எண்ணெயை அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். போகிற நாளில் தலையைக் கழுவி, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். பிசுக்கு இருந்தால் தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. இதுவரை தடவிய எண்ணெய்ப் பாட்டில்களை, லேபிள் இல்லாத தைலம் இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.